சயாம் அதிகாரியின் தலை

எங்களை ஒரு நாட்டிலிருந்து எடுத்து இன்னொரு நாட்டுக்குக் கொடுத்த அன்றைக்கு நான் மரவள்ளிக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தேன். கெடா மாநிலத்தில் பாடாங் செராய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம், அதில் வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் எங்களுடையது கடைசிக்கு முந்தினது. கடைசி வீட்டு அக்காவும் என்னோடு உட்கார்ந்து துருவினாள். தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணியார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ரப்பர் விளைகிற ஊரில் டயருக்குப் பஞ்சம் வந்த காலம் அது. டயர் இருக்க வேண்டிய இடத்தில் கயிறு சுற்றியிருந்தார்.

"இனிமே கெடா சப்பான்காரனுது இல்லயாம். சயாம்காரனுக்குக் கொடுத்தாச்சாம். கையெழுத்து ஆயிடுச்சு" என்றார்.

"யாரைக் கேட்டுக் கொடுத்தாங்க?" என்றேன் நான்.

"உன்னைக் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடுவாங்க. போ லா, வேலையப் பாரு."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்தால்கூட நாலு பேர் உட்கார்ந்து தட்டு மாற்றுவார்கள். மாட்டை விற்றால்கூடக் கயிற்றை மாற்றிக் கட்டித்தான் ஓட்டிப் போவார்கள். எங்களுக்கு அதுகூடக் கிடையாது. யார் யாரோ எங்கேயோ உட்கார்ந்து, சிரித்துப் பேசி, கும்பிடு போட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். "யாரு வந்தா நமக்கென்னடி, இந்தக் கிழங்கைத்தானே துருவப் போறோம்" என்றாள் அக்கா. எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க ஆறவில்லை. வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாத பிறவி நான்.

இப்போது வானொலியில் செய்தி வாசிக்கிறவர்கள், இந்த நாட்டுத் தூதரும் அந்த நாட்டுத் தூதரும் சந்தித்தார்கள், பேச்சு சுமுகமாக முடிந்தது என்று சொல்வார்கள். சுமுகம் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே வானொலியை அணைத்துவிடுவேன். நானும் ஒரு நாள் இரண்டு ராஜாங்கத்துக்கு நடுவில் நின்று பேசியவள்தான். அதுவும் சுமுகமாகத்தான் முடிந்தது.

கொடுத்த கையோடு ஜப்பான்காரன் போய்விட்டானா என்றால் அதுவும் இல்லை. கத்தி அவனிடம், லாரி அவனிடம், ஆள் பிடிக்கிற வேலையும் அவனிடம். சயாம்காரர்கள் குலிமில் ஆபீஸ் போட்டு வரியையும் நெல்லையும் பார்த்தார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு மாமியார் வந்த கதைதான். யாருக்கு முதலில் குனிவது என்றே தெரியாமல் ஜனங்கள் திண்டாடினார்கள். குனியாவிட்டால் ஜப்பான்காரன் கன்னத்தில் அறைவான் என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

சயாம் காட்டில் ரயில் பாதை போட எங்கள் தோட்டத்திலிருந்து அதற்கு முன்னாலேயே இரண்டு தடவை ஆள் ஏற்றிப் போயிருந்தார்கள். மூன்று மாசத்து வேலை, அரிசி கிடைக்கும் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். போனவர்களில் ஒருத்தர்கூடத் திரும்பவில்லை, ஒரு கடுதாசி வரவில்லை. பாதை போட்டு முடிந்துவிட்டது என்று பேச்சு வந்தபோது நாங்கள் மூச்சு விட்டோம். அப்புறம் பாதையைப் பழுது பார்க்க ஆள் வேண்டும் என்று மூன்றாவது பட்டியல் வந்தது. இருபது பேர். என் வீட்டுக்காரர் பெயரும் அதில் இருக்கிறது என்று ரப்பர்ப் பால் நிறுக்கிற கொட்டகையில் யாரோ சொன்னதும், போட்டது போட்டபடி கிராணியார் ஆபீசுக்கு ஓடினேன்.

"ஏன் ஐயா, தோட்டத்துல இத்தனை ஆம்பளைங்க இருக்க, உங்க கண்ணுக்கு எம்புருசன்தான் தெரிஞ்சாரா?"

"கத்தாதே புள்ள. இருபது பேரு கேட்டான், எழுதினேன். எழுதலன்னா மொதல் பேரா என் பேரு இருக்கும்." பட்டியல் இருந்த சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். பாவமாகவும் இருந்தது, அந்தக் கையைப் பிடித்து முறிக்கலாம் போலவும் இருந்தது. பிறகு அவரே குரலைத் தணித்துக் கேட்டார். "நீ பாலிங்கல பொறந்தவதானே? சயாம் பாஷை நல்லா பேசுவியாமே?"

விஷயம் இதுதான். ஆடி மாசம் தோட்டத்து அம்மன் கோயிலில் கஞ்சி வார்க்கிறோம். அதற்குக் குலிமிலிருந்து சயாம் அதிகாரியும் வருகிறார், ஆள் பிடிக்கிற ஜப்பான் அதிகாரியும் வருகிறார். கிராணியார்தான் இரண்டு பேரையும் அழைத்திருந்தார். ஜப்பான்காரனுக்குக் கடைத்தெரு மலாய் வரும். சயாம்காரர் பாங்காக் பக்கத்து ஆள், அவருக்குச் சயாமைத் தவிர எதுவும் வராது. நடுவில் நின்று இரண்டையும் மாற்றிச் சொல்ல ஆள் வேண்டும். "புதுசா கைமாறின நாடு. ஒருத்தர் பேச்சை ஒருத்தர் தட்டாம இருக்கணும்னு ரெண்டு பேருக்கும் மேலேருந்து உத்தரவு. சயாம்காரர் வாயைத் திறந்து ஒரு பேரை விடுன்னா, சப்பான்காரன் விட்டுருவான். நீ நடுவுல நில்லு. நேரம் பார்த்துக் கேளு" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி. "விதியிருந்தா போறேன், நீ எதுக்கு ஆம்பளைங்க நடுவுல போய் நிக்கணும்?" என்றார். "உங்க விதியைத் தூக்கி அடுப்புல போடுங்க" என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டேனே தவிர, அன்றிலிருந்து கஞ்சி நாள் வரைக்கும் எனக்குக் கிழங்கு ஒரு வாய் இறங்கவில்லை. மரத்தில் கத்தி போடும்போது, பால் வழியும்போது, எல்லாம் சயாம் வார்த்தையாகவே மனசில் சொல்லிப் பார்த்தேன். பாலிங்கில் அப்பா எல்லைச் சந்தையில் கருவாடும் புகையிலையும் விற்றார். நான் தராசு பிடித்தபடியே கற்றுக்கொண்ட பாஷை அது. கருவாடு விற்கத் தெரியும். ஒரு உயிரைக் கேட்டு வாங்க அந்தப் பாஷையில் எனக்கு வார்த்தை இருக்கிறதா என்றுதான் பயம்.

அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று பிடித்துக்கொண்டது. கோயில் தலைவர் எங்கள் கங்காணியார். கஞ்சி நாளுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். "பெரிய மனுசங்க வர்றாங்க. ஆத்தா மேல சாத்தின பட்டு இருக்கு. அதைத் தலையில பரிவட்டம் கட்டி, நெத்தி நிறையத் திருநீறு பூசி அனுப்புவோம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஏனென்றால் சயாம்காரர்களுக்குத் தலை என்பது தொடக்கூடாத இடம். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். அப்பாவிடம் மாட்டு வியாபாரி ஒருவர் சயாமிலிருந்து வாரா வாரம் வருவார். எங்கள் கடையில் நிறையப் புகையிலை எடுப்பவர் அவர்தான். ஒரு நாள் அவர் தலையில் வைக்கோல் ஒட்டியிருந்தது. அப்பா பேச்சோடு பேச்சாகக் கையை நீட்டி அதை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். மனுசர் முகம் கறுத்துப்போய் எழுந்தார். புகையிலையை அப்படியே வைத்துவிட்டுப் போனவர் அப்புறம் எங்கள் கடை வாசலை மிதிக்கவில்லை. ஒரு வைக்கோலுக்கே அப்படி. உருமாலை கட்டுகிற மாதிரி அதிகாரி தலையைச் சுற்றிப் பட்டைக் கட்டி முடிச்சுப் போட்டால் என்ன ஆகும்? என் புருசன் லாரியில் முதல் ஆளாக ஏறுவார்.

"கங்காணியாரே, தலையில மட்டும் கட்டாதீங்க. அவங்களுக்கு அது பெரிய அவமானம்" என்றேன்.

"மரியாதையைத் தலையில கட்டாம கால்லயா கட்டுவாங்க? போம்மா. ஆத்தா பட்டு தலையில ஏற எத்தனை பேரு தவம் கிடக்கான் தெரியுமா? இந்தக் கோயில்ல முதல் மரியாதைக்காக மண்டை உடைஞ்சிருக்கு."

அதுவும் உண்மைதான். அடுத்த சண்டை அங்கேயே ஆரம்பித்தது. பட்டு ஒன்றே ஒன்று, வருகிறவர்கள் இரண்டு பேர். யாருக்கு முதலில்? நாடு சயாமுடையது, அவருக்குத்தான் என்றார் கிராணியார். கத்தி வைத்திருக்கிறவனுக்குத்தான் என்றார் கங்காணியார். பட்டைக் கிழித்து ஆளுக்குப் பாதி கொடுக்கலாம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஆத்தா துணியையா கிழிப்பாய் என்று அவனை அடிக்கப் போனார்கள். ஜனங்கள் சாக்கைக் கிழித்து உடுத்திக்கொண்டிருந்த காலத்தில், ஒரு முழப் பட்டுக்கு அரை நாள் பஞ்சாயத்து.

கடைசியில் என் வாய்தான் வழி சொன்னது. கல்யாணத்தில் தாலியைத் தட்டில் வைத்துச் சபை முழுக்கக் கொண்டுபோகிறோம், எல்லாரும் தொட்டுக் கும்பிடுகிறார்கள். அங்கே யார் முதல், யார் கடைசி? பட்டைத் தட்டில் வையுங்கள், வெற்றிலை பாக்கு வையுங்கள், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வலது கையால் தொடட்டும். திருநீற்றையும் கையில் கொடுத்துவிடுங்கள். கங்காணியார் என்னை முறைத்தார். "பொம்பளைக்கு இவ்வளவு வாயி ஆகாது" என்றார். ஆனால் சரி என்றார். அவர் மனசு மாறுவதற்குள் தட்டைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டேன்.

கஞ்சிக்கு முந்தின நாள் பொழுது சாய அக்கா வந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு இழுப்பு. புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டைக் காய வைத்துக் காய வைத்து நெஞ்சில் பிடித்த புகை. அந்த இழுப்பினால்தான் முதல் இரண்டு பட்டியலிலும் அவரை விட்டார்கள். அக்கா மடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து அவிழ்த்தாள். அவளுடைய கூறைப்புடவை. அரக்கு நிறம், மடிப்பில் வேப்பிலை வைத்திருந்தாள். அரிசிக்குக்கூட மாற்றாமல் ஒளித்து வைத்திருந்தது.

"சாக்கைச் சுத்திக்கிட்டா அதிகாரிங்க முன்னாடி நிப்ப? இதைக் கட்டிக்கோ. பெரிய வீட்டுப் பொம்பளன்னு நெனச்சாத்தான் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்."

"அக்கா, கறை கிறை பட்டா..."

"பட்டா படட்டும். உன் வீட்டுக்காரரு பத்திரமா இருக்கட்டும். புடவை கெடக்கு."

கஞ்சி நாளன்று காலையிலேயே இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். சயாம் அதிகாரி சின்ன உருவம், முப்பது வயசுக்குள் இருக்கும். கோயில் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார், தொப்பியைக் கழற்றிக் கூட வந்த ஆளிடம் கொடுத்தார், எங்களைப் போலவே இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். எனக்குப் பாதி உயிர் வந்தது. ஜப்பான் அதிகாரி பூட்சைக் கழற்றவில்லை. தகரக் கூரைக்கு வெளியிலேயே, கத்தி தரையில் இடிக்க நின்றார். தட்டு வந்தது. இரண்டு கையும் ஒன்றாகத் தொட்டன. கங்காணியார் கண்ணை மூடிக் கும்பிட்டார். எந்தத் தலையையும் யாரும் தொடவில்லை.

வாசலிலேயே மர நாற்காலி இரண்டு போட்டிருந்தோம். நான் சயாம் அதிகாரிக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நின்றேன். பேச ஆரம்பித்தார்கள். "இந்த ஆள் சாமி இடத்தில் ஏன் பூட்சோடு இருக்கிறான்?" என்று சயாம்காரர் மெதுவாய்க் கேட்டார். நான் மலாயில் ஜப்பான்காரனிடம், "நிழல் போதுமா என்று கேட்கிறார், தூவான்" என்று மரியாதை சேர்த்துச் சொன்னேன். "இவனுக்கெல்லாம் எத்தனை போலீஸ், பத்து இருக்குமா?" என்று ஜப்பான்காரன் சிரித்தான். நான் சயாமில், "உங்களுக்குத் துணைக்கு ஆள் போதுமான்னு விசாரிக்கிறார்" என்றேன். இப்படியே போனது. குழம்பில் உப்புக் கூடினால் உருளைக்கிழங்கைப் போடுகிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையிலும் உப்பை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். முதுகில் வேர்வை ஓடி அக்கா புடவை ஒட்டிக்கொண்டது. ஒரு வார்த்தை தவறி இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. என் வீட்டில்தான் விளக்கு அணையும்.

கஞ்சி வந்தது. அரிசி கொஞ்சம், கிழங்கு நிறைய, மேலே சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டியது. சயாம் அதிகாரி ஒரு வாய் குடித்தார், தலையாட்டினார். இன்னொரு வாய் குடித்தார். மிளகாய் தொண்டையில் மாட்டிக்கொண்டது. புரை ஏறிவிட்டது மனுசருக்கு. இருமினார், கண்ணில் தண்ணீர் கொட்டியது, முகம் சிவந்துவிட்டது.

என் கை போய்விட்டது. நான் போகச் சொல்லவில்லை. அது பாட்டுக்குப் போய் அவர் உச்சந்தலையில் தட்டு தட்டு என்று மூன்று தட்டுத் தட்டிவிட்டது. வாய் வேறு, தமிழில், "யாரோ நெனைக்கிறாங்க, யாரோ நெனைக்கிறாங்க" என்றது.

கங்காணியார் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. அரை நாள் பஞ்சாயத்துப் பண்ணித் தலையைத் தொடாதே, தொடாதே என்று ஊருக்குப் பாடம் சொன்ன சிறுக்கி நான். அதிகாரியோடு வந்த ஆள் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினான். ஜப்பான்காரன் இடி இடி என்று சிரித்தான். அந்தச் சிரிப்புதான் என்னைக் கொன்றது. அவன் சிரிக்கச் சிரிக்கச் சயாம்காரருக்கு அவமானம் ஏறுமே! போச்சு, எல்லாம் போச்சு, என் கையாலேயே என் தாலியை அறுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். அக்கா வீட்டுக்காரர்தான் அந்த நேரத்திலும் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கிக்கொண்டு, மூச்சு இழுக்க இழுக்க ஓடிவந்தார். மற்ற எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

சயாம் அதிகாரி தண்ணீரை வாங்கிக் குடித்தார். இருமல் அடங்க நேரமானது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன செய்தாய்? என்ன சொன்னாய்?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. "ஐயா, மன்னிச்சிடுங்க. எங்க ஜனங்க வழக்கம். புரை ஏறினா தலையில தட்டுவோம். எங்கயோ தூரத்துல யாரோ நம்மளை நெனைக்கிறாங்கன்னு அர்த்தம்" என்று சொன்னேன். கருவாடு விற்ற பாஷையில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

"யார் நினைக்கிறார்கள்?"

"உங்க வீட்டுல யாராச்சும் இருப்பாங்க ஐயா."

அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அப்புறம் என்னிடம் மட்டும் சொல்கிற மாதிரிச் சொன்னார். மனைவி பாங்காக்கில் இருக்கிறாள், நிறைமாசம். அங்கே குண்டு விழுகிறது. கடுதாசி வந்து நாளாகிறது. "இந்த நேரத்தில் நினைப்பாளா?" என்று கேட்டார். "நெனைக்காமயா ஐயா புரை ஏறுச்சு?" என்றேன். அவர் கையைக் காட்டினார், அந்த ஆள் என் மணிக்கட்டை விட்டான்.

கிராணியார் என் பக்கமாய் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "இப்பக் கேளு புள்ள, இப்பவே கேளு" என்றார்.

கேட்டேன். என் புருசன் பெயர் சயாம் வேலைப் பட்டியலில் இருக்கிறது, எங்களுக்கு வேறு ஆதரவில்லை, அவரை விட்டுவிடச் சொல்லுங்கள் என்றேன். அதிகாரி கேட்டுக்கொண்டார். பிறகு அவர் என்னைக் கேட்டார்.

"உன் புருசன் ஒருவன்தானா? வேறு யாருக்காகவும் கேட்க வேண்டுமா?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பட்டியலில் இருந்த இன்னும் பத்தொன்பது பேரும் அங்கேதான் நின்றார்கள். விறகு சுமந்து, அண்டா இறக்கி, எச்சில் மட்டை அள்ளிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் பெண்டாட்டிமார் நின்றார்கள். யாருக்கும் சயாம் பாஷை தெரியாது. இரண்டு பேர் என்று கேட்டால் பேராசை என்று நினைத்துவிடுவாரோ, ஐந்து பேர் என்றால் எழுந்து போய்விடுவாரோ, கையில் வந்த ஒன்றும் போய்விடுமோ என்று ஓடியது மனசு.

"ஒருத்தருதான் ஐயா. வேற யாரும் இல்ல" என்றேன்.

அவர் ஜப்பான்காரனிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஜப்பான்காரன் இன்னும் சிரிப்பு அடங்காதவனாக, "போலே, போலே, ஆகட்டும், எடுத்துக்கொள்" என்றான். உடனே சிரிப்பை நிறுத்தி, கிராணியார் பக்கம் விரலை நீட்டி, "தப்பி, டுவா புலோ" என்றான். ஆனால் இருபது. இருபது குறையக் கூடாது.

அதுவரைக்கும் ஒவ்வொரு வார்த்தையையும் பதம் பார்த்து, உப்பெடுத்துச் சொன்னவள் இதை மட்டும் அப்படியே சொன்னேன். "இருபது குறையக் கூடாதாம் ஐயா." அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துதான் சொன்னேன். "மை பென் ராய்" என்றார் சயாம் அதிகாரி. பரவாயில்லை என்று அர்த்தம். இரண்டு பேரும் எழுந்து ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டார்கள்.

கிராணியார் சட்டைப் பையிலிருந்து பட்டியலையும் பென்சிலையும் எடுத்தார். என் வீட்டுக்காரர் பெயரை அடித்தார். அடித்த இடத்தில் எழுத ஒரு பெயர் வேண்டும் என்று நிமிர்ந்து பார்த்தார். எதிரே, நாற்காலிக்குப் பக்கத்தில், அக்கா வீட்டுக்காரர் காலிச் சொம்போடு நின்றுகொண்டிருந்தார். கிராணியார் கண் அவர் மேலேயே நின்றது. பென்சில் அசைந்தது.

நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், என்னிடம் சொல்ல முடியாது. ஐயா, அவருக்கு இழுப்பு, இரண்டு தடவை நீங்களே விட்ட ஆள் என்று தமிழில் ஒரு வரி சொன்னால் போதும். சயாம் வேண்டாம், மலாய் வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாத பிறவி என்று சொன்னேனே, அன்றைக்கு மூடிக்கொண்டேன். சொன்னால் கிராணியார் மறுபடி என் வீட்டுக்காரர் பெயரையே எழுதிவிடுவாரோ என்று பயம். அந்தப் பயத்தோடேயே கும்பிட்டு, இரண்டு பேரையும் வழியனுப்பினேன்.

நாலாம் நாள் லாரி வந்தது. எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் அக்கா வீட்டுக்காரர் நடந்து போனார். அக்கா மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். என் வீட்டுக்காரர் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "என் எடத்துக்கா அவரு போறாரு?" என்று கேட்டார். "பேசாம இருங்க" என்றேன். அப்புறம் எங்கள் இரண்டு பேருக்குள் அந்தப் பேச்சே வந்ததில்லை.

மறுநாள் புடவையைத் துவைத்துக் காய வைத்து, மடிப்பில் புது வேப்பிலை வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"நடுவுல நீதானே நின்ன. எங்க வீட்டுக்காரரைப் பத்தி ஏதாச்சும் பேச்சு வந்துச்சா புள்ள? எப்படி அவரு பேரு வந்துச்சுன்னே எனக்குத் தெரியலயே."

"இல்லக்கா" என்றேன். "உங்க வீட்டுக்காரரைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசலக்கா."

சாமி சத்தியமாய் உண்மை. எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணலாம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். திருகின மணிக்கட்டு இன்னும் வீங்கித்தான் இருந்தது, அதைத் தடவிக் கொடுத்தாள். "நீ பேசுவியா? எனக்குத் தெரியாதா உன்னை" என்றாள்.

அவர் திரும்பி வரவில்லை. ஜப்பான்காரன் போனான், சயாம்காரன் போனான், வெள்ளைக்காரன் மறுபடி வந்தான். அப்போதும் எங்களை யாரும் கேட்கவில்லை. அக்கா ஒரு வருசம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிள்ளைகளோடு யான் என்கிற ஊருக்கு நெல்லறுக்கப் போனாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள். அந்தப் புடவை என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் என்னோடு ரொம்ப வருசம் இருந்தார். பிள்ளைகள் பெற்றோம், பேரப்பிள்ளைகளைப் பார்த்தோம். சாப்பிடும்போது எனக்குப் புரை ஏறினால், அவர் கை தானாக என் தலைக்கு வரும். தட்டிவிட்டு நகர்ந்துகொள்வேன். யாரோ நினைக்கிறாங்க என்று அவர் வாய் திறப்பதற்கு முன்னால் எழுந்து போய்விடுவேன்.

இப்போதும் அப்படித்தான். புரை ஏறினால் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நானாகவே இருமி அடக்கிக்கொள்வேன். தண்ணீர் என்று மட்டும் கேட்கமாட்டேன். கேட்டால் யாராவது சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிடுவார்கள்.